எட்டுச் சாண் மேஜை

மூன்றாவது வெள்ளிக்கிழமை அந்த மேஜை இரண்டு சாண் குறைந்திருந்தது.

டீச்சர் முதலில் அதைக் கவனிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தை மூடி நாலு மாதமாகியிருந்தது. மூன்றாம் வகுப்பு மொத்தமும் இப்போது அவளுடைய படுக்கையறை மூலையில், துணி பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது. காலையில் இரண்டு மணி நேரம் இருபத்து நான்கு பிள்ளைகள் லேப்டாப்பில் கட்டம் கட்டமாக வந்து உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் கத்திவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமைதோறும் அந்த வாரத்துக்கான பாடத்தாள்களை அவள் அனுப்ப வேண்டும். பிள்ளைகள் எழுதி, போனில் படம் பிடித்து, வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பாதிப் படங்களில் யாருடைய கட்டைவிரலாவது மறைக்கும், மீதிப் படங்களில் ஒன்றுமே தெரியாது. கண்ணைக் கசக்கிக்கொண்டு திருத்துவாள்.

கணக்கில் அளவைப் பாடம். தாளில் உன் கையை வைத்துச் சுற்றி வரை, நீ படிக்கும் மேஜை எத்தனை சாண் என்று அளந்து எழுது. ஒரு வாரத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலைதான். புதுத் தாள் தயாரிக்கச் சோம்பல்பட்டு, தேதியை மட்டும் மாற்றி அதையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அளக்காமலே போன வாரத்து எண்ணை அப்படியே எழுதி அனுப்பினார்கள்.

குண்டூசி மட்டும் மாற்றி எழுதியிருந்தாள்.

வகுப்பிலேயே சின்ன உருவம் அவள். ஒல்லி உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய தலை. ஒன்றாம் வகுப்பில் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்கும் அதில் பெருமைதான். "கிட்ட வந்தா குத்திடுவேன்" என்று விரலை நீட்டுவாள். முதல் இரண்டு வாரமும் எட்டுச் சாண் என்று எழுதியிருந்தவள், இந்த வாரம் ஆறு என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் வரைந்திருந்தது பெரியவர்களுடைய கை.

அம்மாக்காரி அளந்து கொடுத்திருப்பாள், வேறென்ன. 'அம்மா கையால் அளக்கக் கூடாது, உன் கையால் அளந்து பார்' என்று சிவப்பில் எழுதி அனுப்பினாள் டீச்சர்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நான்கு சாண்.

வரைந்த கை தாளில் அடங்கவில்லை. உள்ளங்கையே தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. விரல்கள் தொடங்கிய இடத்திலேயே கோடுகள் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டிருந்தன. எட்டு வயதுப் பிள்ளை பென்சில் பிடித்தால் கோடு எங்காவது ஒரு இடத்தில் தடுக்கும், நடுங்கும். இந்தக் கோடு எங்கேயும் நடுங்கவில்லை. டீச்சர் தன் கையை விரித்துத் திரைமேல் வைத்துப் பார்த்தாள். பிறகு, ஏனென்று தெரியாமல், அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே குண்டூசியின் அம்மாவுக்குப் போன் செய்தாள். அவள் நர்ஸ். பின்னால் யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"நானா டீச்சர்? நான் எங்க அளந்தேன்? காலையில ஏழு மணிக்கு வார்டுக்குள்ள போனா, வீட்டுக்கு வரவே ஒன்பதாயிடுது. அதுக்குள்ள அவ தூங்கிடுறா."

"பகல்ல கூட யாரு இருக்காங்க?"

நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யாருமில்லை டீச்சர். பூட்டிட்டுத்தான் வர்றேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மாகிட்ட ஒரு சாவி இருக்கு, மதியம் சாப்பாடு குடுத்துட்டுப் போவாங்க. எனக்கு வேற வழி தெரியலை. தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க டீச்சருக்கு மனம் வரவில்லை. தலைமையாசிரியையிடம் சொன்னபோது, "பிள்ளைங்க விளையாட்டா எழுதறதை எல்லாம் பெரிசு பண்ணாதீங்கம்மா, எனக்கு இருக்கற தலைவலி போதும்" என்றார். கணவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "மேஜை ஒரு வாரத்துல ரெண்டு சாண் இளைச்சிடுச்சா? என்ன சாப்பிடுதுன்னு கேட்டு எனக்கும் சொல்லு." அவளும் சிரித்தாள். ஆனால் அந்த வாரம் முழுக்க, காலை வகுப்பில் மற்ற பிள்ளைகளை எல்லாம் விட்டுவிட்டு அவள் கண் அந்த ஒரு கட்டத்துக்கே போய்க்கொண்டிருந்தது. குண்டூசியின் பெரிய தலை, பின்னால் வெளிர்பச்சைச் சுவர், அந்தச் சுவரில் பாதி திறந்த படுக்கையறைக் கதவு. திங்கட்கிழமை பாதி திறந்திருந்த கதவு வியாழக்கிழமை முழுவதும் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. பட்டப்பகலில் அவ்வளவு இருட்டு ஒரு அறைக்குள் எப்படி வரும் என்று யோசித்தாள். ஜன்னலை ஏதோ அடைத்துக்கொண்டிருந்தால்தான் வரும்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் படம் வந்தது.

நோட்டிலிருந்து கிழித்த பக்கங்களை டேப் போட்டு ஒட்டித் தரையில் விரித்திருந்தார்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நாலு பக்கம். அதன்மேல் ஒரு கை. ஒவ்வொரு விரலிலும் கணுக்களுக்குக் குறுக்குக்கோடு போட்டிருந்தது. டீச்சர் எண்ணினாள். தன் விரலைப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினாள். ஒவ்வொன்றிலும் இரண்டு கணு அதிகம். கீழே குண்டூசியின் கோணல் எழுத்தில், 'மேஜை இரண்டு சாண்.'

வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பத்து நிமிஷம் பேசுவது வழக்கம். குண்டூசியின் முறை நாலரைக்கு. மழை வரப்போகிற மாதிரி வெளியே மூட்டம் போட்டிருந்தது. திரையில் அவள் வந்ததும் டீச்சர் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"கண்ணு, கை வரைஞ்சது யாரு?"

"தப்பா டீச்சர்?"

"தப்பில்லைடா. யாருன்னு மட்டும் சொல்லு."

குண்டூசி ஒருமுறை பக்கவாட்டில் பார்த்தாள். "எனக்குப் போரடிச்சுது. அம்மாவும் வரலை. பாடம் சொல்லிக் குடுக்க யாராவது வாங்கன்னு சும்மா கூப்பிட்டேன்."

"யாரு வந்தாங்க?"

"பெட்ரூம்ல இருக்காங்களே, அவங்க."

"எப்படி இருப்பாங்க?"

"சரியாத் தெரியலை டீச்சர். மடிச்சு மடிச்சு உக்காந்திருக்காங்க. நிமிர்ந்தா மேல இடிக்கும்ல."

டீச்சரின் கால்கள் மேஜைக்கு அடியில் தாமாகவே ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டன. குண்டூசி மறுபடி பக்கவாட்டில் திரும்பி, யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் எந்தக் குரலும் வரவில்லை. ஏதோ கனமான ஒன்று தரையில் மெல்ல நகர்ந்து அமர்கிற ஓசை மட்டும் வந்தது.

"டீச்சர், மேஜை போதுமாம். அடுத்த வாரம் என்னை அளக்கட்டுமான்னு கேக்கறாங்க."

"வேண்டாம்னு சொல்லு." டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்து வாசக்கதவுகிட்டப் போய் நில்லு. நான் இப்பவே வர்றேன். திரும்பிப் பார்க்காதே. போ."

கணவன் வெளியே போயிருந்தான். ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன்னால் நர்ஸுக்குப் போன் போட்டாள். யார், என்ன என்று சொல்லத் தெரியவில்லை. "உங்க வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க, நான் போறேன், நீங்களும் கிளம்பி வாங்க" என்று மட்டும் சொன்னாள். மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

இரண்டே தெரு. ஆள் நடமாட்டமே இல்லை, கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கி மூடியிருந்தன, தூறலில் நனைந்த புழுதி வாசனை மூக்கில் ஏறியது. தையல்காரம்மா சாவியை நீட்டும்போது வாயில் ஊசி வைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டு, "ரெண்டு நாளா மேல எதையோ இழுக்கற சத்தம். பொண்ணு நாற்காலியை உருட்டி விளையாடுதுன்னு நினைச்சேன்" என்றாள். டீச்சர் லிஃப்டுக்குள் நுழைந்தாள். மூன்றாவது மாடி வரை சாவியின் முனை உள்ளங்கையைக் குத்திக்கொண்டே வந்தது.

கதவைத் திறந்ததும் குண்டூசி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். சொன்னபடியே, திரும்பிப் பார்க்காமல். டீச்சர் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் சில்லிட்டிருந்தது. வீடு சுத்தமாக இருந்தது. மேஜைமேல் மதியத்துச் சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் குவளை, கவிழ்த்துவைத்த போன். எல்லா வீட்டிலும் இருப்பதுதான். மூட்டையாய்க் கட்டிவைத்த ஈரத் துணியின் முடைநாற்றம் மட்டும் படுக்கையறைப் பக்கமிருந்து மெதுவாக, மூச்சு விடுகிற மாதிரி, வந்து வந்து போனது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பென்சில் சத்தம். தாள்மேல் அழுத்தி எழுதுகிற பென்சில்.

டீச்சர் குழந்தையின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் காலி.

"பாடம் எழுதறாங்க" என்றாள் குண்டூசி, கிசுகிசுப்பாக.

எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போனது டீச்சருக்கு. கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். கட்டில் தெரியவில்லை. சுவர் தெரியவில்லை. அறை முழுக்க ஏதோ மடிந்து கிடந்தது.

பென்சில் நின்றது.

குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். கதவைச் சாத்தவில்லை. சாத்த ஒரு கை இல்லை, திரும்ப ஒரு நொடி இல்லை. லிஃப்ட் யாரையோ ஏற்றிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. அது வந்து திறக்கும்வரை அங்கே நிற்க முடியாது. மாடிப்படியில் இறங்கினாள். ஒரு செருப்பு எங்கேயோ கழன்றது. இரண்டாவது மாடி. முதல் மாடி. தெரு.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய், ஒரு மூடிய கடையின் ஷட்டரில் முதுகைச் சாய்த்த பிறகுதான் குழந்தையைக் கீழே இறக்கினாள். வந்துவிட்டார்கள். குழந்தை பத்திரமாக இருக்கிறது. சின்ன விரல்கள் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. டீச்சருக்கு அழுகை வந்தது.

போன் அடித்தது. நர்ஸ்.

"டீச்சர், நான் வந்துட்டேன். ஆம்புலன்ஸ்காரர் கொண்டுவந்து விட்டார்." மூச்சிரைத்தது. "கதவு திறந்தே கிடக்கு. நீங்க எங்க?"

லிஃப்டில் மேலே வந்தது யார் என்று டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது.

"வெளிய வாங்க! முதல்ல வெளிய வாங்க!"

"என்ன டீச்சர் இப்படிப் பயமுறுத்திட்டீங்க?" நர்ஸின் குரல் தளர்ந்து, லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. "இங்கதான் இருக்கா. பெட்ரூம்ல எழுதிட்டிருக்கா. பென்சில் சத்தம் கேக்குது."

"அது அவ இல்லை! குண்டூசி எங்கூட இருக்கா! கீழ, தெருவுல! உள்ள போகாதீங்க!"

"கண்ணு" என்று நர்ஸ் கூப்பிடுவது போனில் கேட்டது. காலடி. இன்னொரு காலடி. அப்புறம் போன் தரையில் விழுந்த சத்தம்.

டீச்சர் தலையை நிமிர்த்தினாள். மூன்றாவது மாடி. படுக்கையறை ஜன்னல்.

கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைச் சீருடை வந்து ஒட்டிக்கொண்டது. முதுகு. பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, இனி நகர இடமில்லாமல், ஜன்னலோடு ஜன்னலாக நின்ற முதுகு.

"அம்மா!" என்றாள் குண்டூசி. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "டீச்சர், அம்மா இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டாங்க!" கையை உயர்த்தி ஆட்டினாள். அம்மா திரும்பவில்லை. இன்னும் உயரமாகத் தெரியட்டும் என்று குதித்துக் குதித்து ஆட்டினாள்.

ஜன்னலின் இரண்டு பக்கத்திலிருந்தும் திரைச்சீலை மாதிரி ஏதோ நீண்டு வந்தது. இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. அவசரமே இல்லாமல் வந்தன. ஒவ்வொரு கணுவாக மடங்கி, மறுபடி மடங்கி, இன்னும் ஒருமுறை மடங்கி, அந்த வெள்ளை முதுகின்மேல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மூடின.