உதிர்பெயர்

அன்று ஏலக்கூடத்தில் இருந்தவர்கள்: ஏலம் கூறும் இயந்திரம். பெயர்த் தரகர் புஷ்கலா-23. நீர் வடிகட்டும் நிலையத்தில் வேலை பார்க்கும் பொழிலன்-318. அவன் மனைவி தாமரை-90. அவள் தோளில் சாய்ந்திருந்த மகள் குறிஞ்சி-1206. சுவரில் ஒரு சிவப்பு விளக்கு. மேல்தளத்து நிறுவனம் ஒன்றின் ஏலப்பொறி அது. கடைசி பெஞ்சில் வறுத்த பாசியைக் கொறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அவருக்குப் பெயர் இல்லை.

மறந்துபோய்விட்டது என்று அர்த்தமில்லை. பெயரே கிடையாது.

செவ்வாயின் தரைக்கடியில் அடுக்கடுக்காகக் குடைந்து கட்டிய அந்த ஊருக்குச் செந்தளம் என்று பெயர். அங்கே பெயர் யாருக்கும் சொந்தமில்லை, குத்தகைதான். ஒரு பெயர் ஒரே ஒருவருக்கு. முதல் கப்பலில் வந்தவர்கள் நல்ல பெயர்களையெல்லாம் எண் ஒட்டாமல் மொட்டையாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு வந்தவர்களுக்கு எண் ஒட்டிய பெயர்கள் மிஞ்சின. மணிக்கட்டுத் தோலுக்கடியில் பதித்த பெயர்மணியைக் கேட்டுத்தான் எந்தக் கதவும் திறக்கும். மொட்டைப் பெயர் வந்தால் உடனே திறக்கும். எண் ஒட்டிய பெயர் வந்தால் யோசித்துத் திறக்கும். சில கதவுகள் யோசித்துக்கொண்டே இருக்கும்.

பொழிலனுக்குக் கதவைப் பற்றிக் கவலையில்லை. காத்திருந்து பழகிவிட்டான். கவலை குறிஞ்சியைப் பற்றித்தான். முதல்தளப் பள்ளியில், பெற்றோரில் ஒருவருக்காவது மொட்டைப் பெயர் இருந்தால்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். சேர்க்கை இன்றோடு முடிகிறது. இடம் கிடைக்காவிட்டால் அவளும் அவனைப்போல வடிகட்டியில் சேறு வழிக்க வேண்டியதுதான்.

குத்தகை கட்டத் தவறினால் ஓராண்டு சலுகை. அதற்குள்ளும் கட்டாவிட்டால் பெயர் உதிர்ந்து ஏலத்துக்கு வரும். உதிரப்போகும் பெயருக்கு முன்கூட்டியே காத்திருப்புச் சீட்டு போட்டு வைக்கலாம். ‘திருமாறன்’ என்ற பெயருக்குப் போன ஆண்டே பொழிலன் சீட்டு போட்டிருந்தான். அன்றிலிருந்து அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முகம் தெரியாத அந்த ஆள் எந்த நிமிடமும் குத்தகையைக் கட்டிவிடலாம். சாப்பிடும்போது குத்தகைப் பட்டியலைப் பார்ப்பான், சேறு வழிக்கும்போது பார்ப்பான். கட்டவில்லை. அப்பாடா என்றிருக்கும். அடுத்த நொடி மறுபடி பார்ப்பான்.

“எடையைப் பாருங்க தம்பி, எடைய!” என்றாள் புஷ்கலா. ஒரு பெயரை நாள்தோறும் எத்தனை கதவுகள் விசாரிக்கின்றன என்பதுதான் அதன் எடை. “ஊர்ல இருக்கிற அத்தனை கதவும் இந்தப் பேரை விசாரிக்குது. என் சர்வீஸ்ல இப்படி ஒரு பேரைப் பார்த்ததில்ல.”

“எதுக்கு விசாரிக்குதாம்?” என்று கேட்டாள் தாமரை.

“அதெல்லாம் மீட்டர்ல வராதும்மா.”

“அந்த ஆளு யாரு, என்ன பண்ணிட்டிருந்தாருன்னாவது தெரியுமா?”

“ஆளு எதுக்கு நமக்கு? பேருதானே வாங்கறோம்?” என்றான் பொழிலன்.

இயந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டது. தொண்டை இல்லாவிட்டாலும் அப்படிச் செய்வது வழக்கம். “திருமாறன்,” என்றது.

கடைசி பெஞ்சுப் பெரியவர் சட்டென்று நிமிர்ந்தார். பிறகு குனிந்து பாசியைத் தேடினார். அவர் எப்போதும் அங்கேதான் கிடப்பார். செந்தளத்திலேயே கதவில்லாத இடம் அந்தக் கூடம் ஒன்றுதான். பெயரில்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்?

ஏலம் பணத்தில் நடப்பதில்லை. செந்தளத்தில் அரிதான பொருள் இடம்தான். வீட்டில் எத்தனை சதுர அடி விட்டுக்கொடுப்பாய் என்பதே கேள்வி. ஏலம் படிந்ததும் சுவர் அந்த அளவுக்கு உள்ளே நகரும்.

“முப்பது,” என்றான் பொழிலன்.

சிவப்பு விளக்கு சிமிட்டியது. “நாற்பது,” என்றது சுவர்.

பொழிலன் எழுந்து நின்றுவிட்டான். “இது எங்கேருந்துக்கா வந்துச்சு? போன வாரம்வரைக்கும் ஒருத்தரும் சீட்டு போடலயே!”

“நீங்க போட்டதைப் பாத்துட்டுதான் வருது. அதுக்குன்னு சொந்தமா ஆசை கிடையாது தம்பி. ஒருத்தர் கேட்டா, அதுவும் கேக்கும்.”

“அப்ப நாம விட்டுட்டா?”

“அதுவும் விட்டுரும். ஆனா பேரு அதுகிட்ட போயிரும்.”

பொழிலன் ஐம்பது என்றான். விளக்கு அறுபது என்றது. அடுப்பங்கரை போயிற்று. கட்டில் போடும் இடம் போயிற்று. தாமரை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னங்க, நின்னுக்கிட்டா தூங்கறது?”

“பள்ளிக்கூடம்டி. வருஷக்கணக்கா சோறு போடும்.”

“சரி, அப்ப குளிக்கிற இடத்தையும் வெச்சிருங்க. திருமாறன் குளிக்கவா போறாரு?”

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். அவன் அதையும் வைத்தான். விளக்கு ஒருமுறை சிமிட்டப் பார்த்து அணைந்துபோனது. அதன் எஜமானர்கள் விதித்திருந்த வரம்பு அவ்வளவுதான்.

மணிக்கட்டில் சுருக்கென்றது. பொழிலன் திருமாறன் ஆனான். ஒருவருக்கு இரண்டு பெயர் கூடாது; பழைய பெயர் அந்த நொடியே உதிர்ந்தது. எண் ஒட்டிய உதிர்பெயரை யாரும் ஏலம் கேட்பதில்லை. காத்திருக்கும் பெயரில்லாதவருக்கு அதை இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“அந்த 318 இனிமே உங்களுக்கு வேணாம்தானே தம்பி?”

“எடுத்துக்கங்க பெரியவரே. கதவு கொஞ்சம் மெதுவாத்தான் திறக்கும்.”

“திறந்தாப் போதும் தம்பி. எனக்கென்ன அவசரம்?” மிச்சமிருந்த பாசியைக் குறிஞ்சியின் கையில் கொடுத்துவிட்டு அவர் கூடத்தை விட்டு வெளியேறினார். மூன்று ஆண்டுகளில் அவர் அந்தப் படியைத் தாண்டியது அதுவே முதல் முறை.

பள்ளிக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு மூவரும் நேரிலேயே கிளம்பினார்கள். முதல் கதவு, அவன் பத்தடி தள்ளி வரும்போதே திறந்தது.

“வருக, திருமாறன்.”

“பாத்தியா!” என்றான் அவன். அடுத்த கதவும் திறந்தது. அதற்கடுத்ததும். மின்தூக்கி உள்ளே இருந்தவர்களைப் பாதியில் இறக்கிவிட்டு அவனுக்காக வந்து நின்றது. அவனுக்கு நடை பிடிபடவில்லை, ஓட்டமும் நடையுமாகப் போனான். ஒரு முனையில், பள்ளிக்குப் போகும் வலப்பக்கக் கதவு அசையாமல் நின்றது. இடப்பக்கக் கதவு அகலத் திறந்தது.

“என்னங்க, பள்ளிக்கூடம் இந்தப் பக்கம்.”

“மொட்டைப் பேருக்காரங்களுக்குத் தனி வழி இருக்கும் செல்லம். திறக்குதுல்ல, வா.”

திறக்கிற கதவுக்குள் நுழைவது என்பதைத் தவிர வேறெதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. கடைசிக் கதவுக்குள் அவன் மட்டும் போனான். தாமரையின் பெயரை அது கேட்கவே இல்லை.

“வருக, திருமாறன். மூன்று ஆண்டுகளாக எல்லாக் கதவுகளிலும் உங்களை விசாரித்துக்கொண்டிருந்தோம்,” என்றது ஒரு குரல், மிகுந்த மரியாதையுடன். “கீழ்த்தளத்துக் காற்றை மேல்தளத்துக்குத் திருடி விற்ற குற்றத்துக்காக உங்களுக்கு விதித்த தண்டனை இன்று தொடங்குகிறது.”

இயந்திரம் இந்தப் பெயரைச் சொன்னதும் கடைசி பெஞ்சுப் பெரியவர் சட்டென்று நிமிர்ந்தது அவனுக்கு நினைவுக்கு வந்தது.

“ஐயா, நான் அவன் இல்ல. நான் பொழிலன்!”

“பொழிலன்-318 சற்றுமுன் ஐந்தாம் தளத்தில் தேநீர் வாங்கினார். நீங்கள் திருமாறன்.”

“பேரை ஏலத்துல விட்டது நீங்கதானே!”

“அது பெயர்த்துறை. இது தண்டனைத்துறை.”

“என் மூஞ்சியையாவது பாருங்க!”

“முகம் எந்தத் துறையிலும் இல்லை.”

அப்போது, இன்னும் மூடாத கதவுக்கு வெளியே நின்ற தாமரையின் மணிக்கட்டு ஒலித்தது. பார்த்தாள். அடக்குவதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. “குறிஞ்சிக்கு சீட் கிடைச்சிருச்சுங்க! அப்பா பேரு சரியா இருக்காம். வேற எதுவும் கேக்கல.”

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். கட்டில் போட இடமிருந்தது. குளிக்கத் தனியிடமும் இருந்தது. வீட்டில் இப்போது மிஞ்சியிருந்ததைவிடப் பெரிதுதான்.

“நாளைக்கு லேட் பண்ணாம கூட்டிட்டுப் போ,” என்றான்.

கதவு அவன் முதுகுக்குப் பின்னால் ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. பிறகு பூட்டு ஒருமுறை சுழன்றது.