கழுத்தின் நிறம்

காலையில் பல் தேய்க்கப் போனவள், கை கழுவும் தொட்டியின் விளிம்பில் மறுபடியும் தோலைப் பார்த்தாள். ஈரத்தில் ஊறி, வெங்காயச் சருகைப் போல் மெல்லியதாக, ஓரம் பழுப்பாகக் கிடந்தது. இன்னொரு துண்டு சோப்பின் மேல் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் நிமிண்டி எடுக்கும்போது அவளுக்குக் குமட்டியது. தோல் மருத்துவமனையில் எட்டு வருடமாக நர்ஸ். சீழும் சொறியும் பார்த்துப் பழகிய கண்கள்தாம். ஆனால் அங்கே கையுறை இருந்தது. கழற்றி எறிந்துவிட்டால் முடிந்தது. வீட்டில் எதையும் அப்படிக் கழற்றி எறிய முடிவதில்லை.

தோல் நாத்தனாருடையது. வீட்டில் எல்லாருக்கும் அவள் 'குட்டி'. கன்னத்துப் பருத்தழும்பு போவதற்காக இரண்டு வாரத்துக்கு முன் அதே மருத்துவமனையில் அவளுக்குக் கெமிக்கல் பீல் செய்தார்கள். முகத்தில் அமிலம் தடவி மேல்தோலை உதிரவைக்கும் சிகிச்சை. ஏற்பாடு செய்தவள் இவள்தான். எரியுது அண்ணி, எரியுது என்று குட்டி துடித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறியவளும் இவள்தான். ஏழாம் நாள் பழைய தோல் உதிர்ந்து, இளஞ்சிவப்பாகப் புது முகம் தெரிந்தது.

இப்போது அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் காய்ந்த ரத்த நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. அதன் மேல் தோல் மறுபடி செதில் செதிலாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு வேலைக்குப் போக வேண்டிய பெண்.

"பாம்பு கூட மாசத்துக்கு ஒரு தடவைதான் சட்டை உரிக்கும்," என்று சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "எம் பொண்ணு ரெண்டாவது தடவையா உரிக்கிறா. என்னத்தப் பூசினாங்களோ... யாரு கையால பூசினாங்களோ."

அவள் டீயை வடிகட்டினாள்.

"கேக்குதா இல்லையா? மூணு நாளா ஊமைக் கோட்டான் மாதிரியே நிக்கிற. அவ முகம் பளிச்சுன்னு ஆனது உனக்குப் பொறுக்கல. க்ரீமை மாத்திக் குடுத்துட்ட."

"நான் எதையும் மாத்தல அத்தை."

"அப்ப எப்படி வெந்துச்சு? தானாவா?"

மேசையில் கணவன் ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். ஊறிய துண்டு ஒன்று கோப்பைக்குள் விழுந்தது. அதை விரலால் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, விரலையும் சப்பினான். இரண்டு பெண்களின் பக்கமும் தலை நிமிரவில்லை.

"இன்னைக்கு அந்த டாக்டரம்மாவையே கேட்டுடறேன்," என்றாள் மாமியார். "இவளை வேலையில வச்சிருக்கலாமான்னும் கேக்கறேன். டேய், வண்டியை எடு."

அவன் எழுந்து சாவியைத் தேடினான்.

எப்படி வெந்தது என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாட்களுக்கு முன் மருந்து தடவும்போதே பார்த்துவிட்டாள். குட்டியின் கண்ணைச் சுற்றி இரண்டு வெளிறிய வட்டங்கள், மூக்கின் மேல் அவற்றைச் சேர்க்கும் ஒரு வெளிறிய கோடு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெயிலில் கிடந்தால் மட்டுமே விழும் தடம்.

அன்றே கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். குட்டி அழுதுகொண்டே சொன்னாள். "முகம் மட்டும் வெளுத்துப் போச்சு அண்ணி. கழுத்து பழைய கலர்லயே இருந்துச்சு. தலையை வேற எங்கிருந்தோ எடுத்து ஒட்டின மாதிரி... கொஞ்சம் வெயில் காஞ்சா முகமும் கழுத்தும் ஒண்ணாயிடும்னு, மொட்டை மாடியில மூணு நாள் மத்தியானம்... பேபி ஆயில் தடவிக்கிட்டு..."

"புதுத் தோல்டி அது. பச்சைக் குழந்தையைத் தூக்கி வெயில்ல போட்ட மாதிரி."

"அம்மாகிட்ட சொல்லாதீங்க அண்ணி. என்னைக் கொன்னுடுவாங்க."

சரி என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு 'சரி' மூன்று நாட்களாகத் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தியது. குட்டியே வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தாள். குட்டியோ அம்மா கத்தும்போதெல்லாம் போர்வைக்குள் போய்விடுவாள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துக் குட்டியின் முகத்தைப் பார்த்தார். மாமியார் மூச்சு விடாமல் பேசி முடித்தாள். பிறகு டாக்டர் மருமகள் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், வெயில்ல போகக் கூடாது, உரிக்கக் கூடாதுன்னு எல்லாம் சொல்லித்தானே அனுப்பினீங்க?"

"சொன்னேன் டாக்டர். தாளும் குடுத்தேன்."

"பொய்," என்றாள் மாமியார். "ஒரு தாளும் வீட்டுக்கு வரல."

டாக்டர் முகம் மாறியது. "அவங்க புகார் எழுதிக் குடுத்துட்டா நான் விசாரிச்சே ஆகணும் சிஸ்டர். விசாரணை முடியற வரைக்கும் நீங்க வேலைக்கு வர முடியாது. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா இப்பவே சொல்லுங்க."

அவள் குட்டியைப் பார்த்தாள். குட்டி தரையைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற கணவன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். எட்டு வருடத்தில் ஒரு நோயாளிகூட அவள் மேல் குறை சொன்னதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கொடுத்த வாக்கு...

"எனக்குச் சொல்றதுக்கு எதுவும் இல்ல டாக்டர்."

"பாத்தீங்களா," என்றாள் மாமியார். "மடியில கனம் இருக்கு. அதான் வாய் வரல."

டாக்டர் மறுபடி குனிந்து, குட்டியின் கண்ணோரத்து வெளிறிய வட்டத்தின் மேல் விரலை வைத்தார். மெதுவாக அதைச் சுற்றி வரைந்து, மூக்குத்தண்டின் கோட்டில் நிறுத்தினார்.

குட்டி உடைந்தாள்.

"நான்தான்மா... நான்தான் வெயில்ல படுத்தேன். அண்ணி எத்தனையோ தடவை சொன்னாங்க. தாள் என் பையிலதான் இருக்கு. அண்ணனுக்கும் தெரியும். முகம் பக்கத்து வீட்டுப் பொண்ணு, கழுத்து நம்ம வீட்டுப் பொண்ணுன்னு கிண்டல் பண்ணிட்டு, வெயில் காஞ்சா சரியாயிடும்னு அவன்தான் மாடிக்கு நாற்காலியைத் தூக்கிட்டுப் போய்ப் போட்டான்..."

சாவி சுற்றுவது நின்றது.

அவள் கணவனைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. மூன்று நாள். காலை, மதியம், இரவு. அம்மா அவளைப் பொறாமைக்காரி என்றபோது ரொட்டி தின்றவன். வேலையைப் பறிக்கக் கூட்டிப்போ என்றபோது வண்டியை எடுத்தவன். எந்தப் புண்ணைப் பார்த்தும் அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. சோப்பில் ஒட்டிய தோல்கூட இதற்குச் சுத்தம் என்று தோன்றியது.

குட்டி ஓடிவந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். "முகத்தைத் தேய்க்காதடி, வலிக்கும்," என்று சொல்லி, அந்தத் தலையை மெல்லத் தூக்கித் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள்.

"கறை மறைஞ்சுடும்," என்றார் டாக்டர். "ஆனா மாசக்கணக்கா ஆகும். உரிக்காதீங்க, தேய்க்காதீங்க. வாசல்வரைக்கும் போனாலும் தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாம போகக் கூடாது. முகத்தைக் கழுத்தோட சேர்க்கறேன்னு இனிமே வெயில்ல படுக்கவே வேண்டாம். தோல் தானாவே ஒண்ணு சேரும். ஹோட்டலுக்கு நான் சர்டிபிகேட் தர்றேன். ரெண்டு வாரம் கழிச்சுச் சேருங்க."

மாமியார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு மருமகளின் அருகே வந்தாள். "இவ்வளவு பேசினேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா அத்தை?"

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இல்லம்மா," என்றாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த 'இல்லை'யில் பொய் இல்லாததால் மருமகளால் அந்தக் கையை உதற முடியவில்லை.

அம்மாவையும் தங்கையையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டுக் கணவன் திரும்பி வந்தான். நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளில் கடைசியில் உட்கார்ந்தான். வேலைக்குத் திரும்பிவிட்ட அவள், மருந்துத் தட்டோடு குறுக்கே போனாள், வந்தாள். உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. மாலை ஆறு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் எழுந்தான்.

"திட்டறதுன்னா திட்டிடு," என்றான். "அம்மா என்னைத்தான் பிடிச்சுக்குவாங்கன்னு பயந்துட்டேன். ஏதாவது பேசு... இப்படி இருக்காத."

அவள் அவனை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மூணு நாள் நீங்க பேசாம இருந்தீங்க. எனக்கும் மூணு நாள் வேணும்."

வண்டி நின்ற பக்கம் அவள் போகவில்லை. பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அவன் வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே, பத்தடி பின்னால் வந்தான்.