பழிமானி தேர்ந்தெடுத்த பதினொருவர்

நோர்வேக்காரன் அடித்த பந்து வலையிலிருந்து உருண்டு வெளியே வருவதற்குள் பழிமானி தன் கணக்கை முடித்துவிட்டது. மைதானப் பலகைகளிலும், வீட்டுத் திரைகளிலும், லண்டன் ஹரோவில் இருந்த தமிழ் ஒளிபரப்புக் கூடத்திலும் ஒரே வரி மின்னியது: இடது காவலர் பென்விக், பழி அறுபத்தொரு வீதம்.

"நான் சொன்னனோ இல்லையோ?" என்று மேசையில் குத்தினார் விமர்சகர் கேதீஸ்வரன். "உவன் என்ன பிளேன் பாக்க வந்தவனோ? ஆள் பின்னாலை வாறான், உவன் வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். விசரன்!"

"அண்ணை, மைக் உடையப்போகுது," என்றாள் பக்கத்தில் இருந்து ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்த தர்ஷிகா.

"உடையட்டும். இஞ்சை மனிசன்ரை நெஞ்சே உடைஞ்சு கிடக்கு."

அது பொய் இல்லை. இங்கிலாந்து அணியைத் தமிழில் திட்டுவதையே கேதீஸ்வரன் தன் வாழ்நாள் தொழிலாக வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தோடு பந்தை விட்டவர்தான். ஆனாலும் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தைத் தூக்குவதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசை மட்டும் அவரை விடவில்லை. அந்த அணியோ ஒவ்வொரு முறையும் வெல்லப்போவதுபோலப் பாசாங்கு காட்டிவிட்டுத் தோற்றுத் தொலைத்தது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பழிமானி வந்த பிறகு அவர் பாடு கொண்டாட்டம். ஆட்டக்காரர்களின் சப்பாத்திலும் சட்டையிலும் மயிரிழை போன்ற உணரிகள் தைக்கப்பட்டிருந்தன. கோல் விழுந்ததும் பழிமானி அந்த நொடியை எடுத்துத் தனக்குள் இலட்சம் தடவை மறுபடி ஆட்டிப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் ஒருவரின் ஓர் அடியை மட்டும் மாற்றும். அவர் வேறு மாதிரி நகர்ந்திருந்தால் நூற்றில் எத்தனை முறை கோல் தடுக்கப்பட்டிருக்குமோ, அதுதான் அவருடைய பழி வீதம். இனி யாரும் யாரோடும் வாதாடவேண்டியதில்லை. இயந்திரத்தின் முழு விவரத்தையும் பார்க்க விரும்பும் விமர்சகர்கள் ஆட்டக்காரர்களின் பெயர்கள் இருக்கும் அதே உதைபந்தாட்ட அவையின் பதிவேட்டில் தங்கள் பெயரையும் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். கேதீஸ்வரன் முதல் நாளே சேர்த்துவிட்டார்.

நோர்வேயிடம் தோற்ற அந்த மாலையில், நேரலையில், அவர் ஒரு யோசனை சொன்னார்.

"பயிற்சியாளருக்குத் தன்ரை செல்லப்பிள்ளையளைத்தான் பிடிக்கும். அந்தாள் தெரிவு செய்யிறதாலைதான் இந்தக் கேவலம். இயந்திரம் தெரிவு செய்யட்டும்! பதிவேட்டிலை ஆருக்குப் பழி குறைவோ, அவன் விளையாடட்டும். வேறை கதையே வேண்டாம்."

இதையேதான் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் போலிஷிலும் மற்ற விமர்சகர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நாடே கையெழுத்துப் போட்டது. உதைபந்தாட்ட அவை பணிந்தது. பயிற்சியாளர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். பென்விக்கும் போனான்.

புதிய பதினொருவர் இறங்கினார்கள், தோற்றார்கள். விளையாடுகிறவன் தலையில்தானே பழி விழும்? ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஆடியவர்கள் பட்டியலின் அடிக்குப் போனார்கள், ஆடாதவர்கள் மேலே வந்தார்கள். இரண்டாம் தரம் போய், மூன்றாம் தரம் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் உதைப்பவர்கள்வரை இறங்கியாயிற்று. வந்தவர்களும் சாமர்த்தியசாலிகள். பந்திலிருந்து தூரத்தில் நின்றால் பழி ஒட்டாது என்று நினைத்து, பந்து வரும்போதெல்லாம் பாம்பைக் கண்டதுபோல் விலகி ஓடினார்கள். எண்பதாயிரம் பேர் காசு கொடுத்து அதையும் பார்த்தார்கள்! விலகி நின்றதற்கும் பழிமானி பழி போட்டது.

"இவங்களோடை பாக்கேக்கை பென்விக் தெய்வமடா!" என்று தொண்டை கட்டிய குரலில் அலறினார் கேதீஸ்வரன்.

"அண்ணை, அவனைத்தானே போன வருசம்..."

"அது போன வருசம். நீ ஆட்டத்தைச் சொல்லு."

கடைசியில் ஓர் ஆட்டம் மிஞ்சியது. ஐஸ்லாந்தை வென்றால் உலகக் கிண்ணத்துக்குப் போகலாம். தோற்றால் வீட்டில் இருக்கலாம். அணியின் பெயர்கள் வந்த காலையில் கேதீஸ்வரன் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். இடது காவலர்: கேதீஸ்வரன். மற்றப் பத்துப் பேரும் வெவ்வேறு ஒளிபரப்புகளில் கத்தும் விமர்சகர்கள். பதிவேட்டில் ஒரு துளி பழிகூட இல்லாமல் எஞ்சியவர்கள் அவர்கள்தான்.

அவருடைய மனைவி வத்சலா சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "இஞ்சேருங்கோ, மாடிப்படி ஏறவே உங்களுக்கு மூச்சு வாங்குது."

"மூளை வேணுமப்பா, மூளை. எங்கை நிக்கவேணும் எண்டு முப்பது வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறன். போய் அங்கை நிண்டாச் சரி."

தர்ஷிகா தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணை, ஏலாது எண்டு சொல்லலாம்தானே?"

"இங்கிலாந்து இந்த முறையும் போகாட்டி, இனி நான் கிண்ணத்தை எப்ப பாக்கிறது, பிள்ளை?" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. ஐஸ்லாந்தின் வலது ஓரக்காரன் பந்தோடு வந்தான். உடனே இங்கிலாந்தின் பதினொரு கைகளும் உயர்ந்து பதினொரு திசையைக் காட்டின. "அவனைப் பிடி!" "இடைவெளியை மூடு!" "நடுவிலே ஆள் வேண்டும்!" சொன்னதெல்லாம் சரியான யோசனைகள். ஒருவரும் அசையவில்லை. ஏதோ சூழ்ச்சி என்று பயந்து ஐஸ்லாந்துக்காரன் ஒரு கணம் நின்றுகூடப் பார்த்தான்.

கேதீஸ்வரனை மட்டும் குறை சொல்லக்கூடாது, அவர் ஓடினார். பந்து எங்கே வரப்போகிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. 'இப்போது' என்று காலுக்குச் சொன்னார். கால் அதைப் பற்றி யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் கோல் விழுந்துவிட்டது.

புல்லில் குந்தி மூச்சு வாங்கியபடி அவர் பலகையைப் பார்க்கப் பயந்தார். தன் பக்கத்தால்தான் கோல் போனது. வத்சலா பார்ப்பாள், தமிழ்ச்சனம் எல்லாம் பார்க்கும். மெல்ல நிமிர்ந்தார்.

பதினொருவருக்கும் பூச்சியம்.

கோல் காவலராக நின்ற ஆங்கில விமர்சகர் துள்ளிக் குதித்து அவரைக் கட்டிப்பிடித்தார். அப்பாடா, பிழை நம்முடையது இல்லை! இரண்டாவது கோலுக்கும் பூச்சியம். மூன்றாவதற்கும். விமர்சகர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். ஐந்தாவது கோலுக்கும் அதே பூச்சியம் வந்தபோதுதான் கேதீஸ்வரனுக்கு விளங்கியது.

இயந்திரம் அவரை இலட்சம் தடவை நகர்த்திப் பார்த்திருக்கிறது. முன்னே வைத்தது, பின்னே வைத்தது, முந்தியே ஓடவிட்டது. ஒரு தடவைகூட அவரால் அந்தக் கோலைத் தடுக்க முடியவில்லை. தடுக்கக்கூடியவனுக்குத்தான் பழி உண்டு. பென்விக்கின் அந்த அறுபத்தொரு வீதம், அவனால் எவ்வளவு முடியும் என்பதற்கு இயந்திரம் கொடுத்த சான்று. அதைப் படித்துவிட்டுத்தான் இவர் மேசையில் குத்தினார்.

இங்கிலாந்து உலகக் கிண்ணத்துக்குப் போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவையின் அறிவிப்பு ஒலித்தது: விதிப்படி, மிகக் குறைந்த பழியுள்ள இதே பதினொருவரே அடுத்த தொடருக்கும் ஆடுவார்கள். இவர்கள் தலையில் பழி விழும்வரை அணியில் மாற்றமில்லை.

தர்ஷிகா மைக்கோடு எல்லைக் கோட்டருகே வந்தாள். கேதீஸ்வரன் மைக்கை ஒதுக்கிவிட்டு அவள் கையிலிருந்த திரையைக் காட்டினார்.

"பிள்ளை, உள்ளுக்கை போய் முழு விவரத்தையும் பார். அந்த நாலாவது கோலுக்கு நான் கொஞ்சம் கிட்டப் போனனான். ஒரு வீதமாவது போட்டிருக்கும். அரை வீதம் எண்டாலும் பரவாயில்லை."

அவள் விரலால் தள்ளித் தள்ளி வெகு நேரம் தேடினாள்.

"இல்லை அண்ணை," என்றாள். "உங்களிலை ஒரு பிழையும் இல்லை."