முப்பத்தெட்டாவது மீட்டர்

"தங்கச்சி, இந்தக் கேபிள் எங்கயாவது அறுந்து கிடந்தத கண்டீங்களா?"

கேபிள் பழுதுபார்க்கப் பண்டாரவளையிலிருந்து வந்திருந்த ஜஸீல் நானா கேட்டார். நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசைக் கூட்டித் துடைப்பவள். இல்லை என்று தலையாட்டினேன்.

பொய்.

மழைக்கு முந்திய மாதம், எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் தொங்கிய நீலக் கேபிளைப் பழைய டீவி வயர் என்று நினைத்து, துணி காயப்போட நான்தான் வெட்டியெடுத்தேன். அது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் அபாயச் சங்குக்குப் போகும் கேபிள் என்று மண் சரிந்த பிறகுதான் தெரிந்தது. அன்று சங்கு ஊதவில்லை. பிள்ளைகளைத் தானே வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக நின்ற ஆயா அகஸ்டினா அக்கா மண்ணுக்குள் போய்விட்டார்.

அவருடைய கணவர் அற்புதராஜ் அண்ணன்தான் ஆபீஸ் காவல்காரர்; சங்கின் பட்டன் ஆபீசில்தான் இருந்தது. "பட்டன அமுக்கினேங்க" என்று அவர் எத்தனை முறை சொல்லியும் யாரும் நம்பவில்லை.

"தூங்கியே பொண்டாட்டிய கொன்னுட்டான்" என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடித்தபடி பேசினார்கள். நானும் குடத்தோடு அங்கே நின்றேன். குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

"எலி கடிச்சிருக்கும்" என்றார் வாசலருகே நின்றிருந்த அற்புதராஜ் அண்ணன், ஜஸீல் நானாவிடம்.

"ஒங்கட எலிக்குத் தேயில பத்தாதா?" ஜஸீல் நானா சிரித்துக்கொண்டே கேபிள்களெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை மடிக்கணினியில் இணைத்துச் சோதித்தார். "முப்பத்தெட்டு மீட்டர்ல அறுந்து ஈக்குது. அப்ப சங்குக் கேபிள்ட இந்த ஏழாவது லைட் ஏன் மின்னுது?"

முப்பத்தெட்டு. எங்கள் வீட்டுப் பின்புறம்.

ஜன்னலைப் பனிமூட்டம் மூடியது. அவர் மறுபடி சோதித்தார்.

இருபத்தாறு.

மறுபடி.

பதினான்கு.

"அறுந்த இடம் நடந்து வருமா?" என்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை. கேபிளைப் பிடுங்கினார்.

ஏழாவது விளக்கு அணையவில்லை.

அறைக்குள் ஈர மண் வாசம். அதனோடு குழந்தைப் பவுடர் வாசம்.

திரையில் இப்போது ஒரு மீட்டர்.

சுவிட்சிலிருந்து ஒரு மீட்டரில் நின்றது நான்தான். என் பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது.

"நான்தாண்ணே வெட்டினேன்." அற்புதராஜ் அண்ணனிடம் சொன்னேன். "கொடி கட்ட. நீங்க அமுக்கினீங்க. எனக்குத் தெரியும்ண்ணே."

அற்புதராஜ் அண்ணன் என்னையே பார்த்தார். அடிப்பார் என்று நின்றேன். அடித்திருக்கலாம். அவர் ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஜஸீல் நானா மறுபடி சோதித்தார்.

மூன்று.

அண்ணன் முற்றத்தைத் தாண்டினார்.

பதினொன்று.

தூறலில் குடையை விரித்தார். தன் தோள் நனைய, பக்கத்தில் வருபவருக்குப் பிடிப்பது போல அதை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு போனார்.