சிங்கப்பூரா, கிள்ளானா?

கதவு மூடப்போகிற நேரத்தில் ரயிலுக்குள் பாய்ந்தவன், வழியில் இருந்த பெட்டியைப் பார்க்கவில்லை.

“அலமாக்!”

கால் தடுக்கியது. விரலில் தொங்கிக்கொண்டிருந்த தே தாரிக் டீப் பை உடைந்து, அத்தனையும் அவனுடைய வெள்ளைச் சட்டையில்…

“என்னாக்கா இது… கதவு பக்கத்திலயா பெட்டிய வைப்பாங்க?”

குனிந்து பெட்டியின் மூடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த மாதவி சட்டென்று நிமிர்ந்தாள்.

“யாரு யாருக்கு அக்கா? என்னைவிடப் பெரியவரா இருந்துக்கிட்டு! பெட்டியில கீறல் விழுந்திருந்தா என்னா செய்வீங்க?”

“பெட்டிக்குக் கீறல். எனக்கு இது!” நனைந்த சட்டையை இழுத்துக் காட்டினான்.

திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்தக் கண்கள்… கோபப்படவே தெரியாத கண்கள். இமையோரத்தில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மாதவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு டிஷ்யூவை எடுத்து நீட்டினாள்.

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குப் போகும் ரயில் அது. வெளியே மழை பின்னியெடுத்தது. ரயில் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பேசாமல் எவ்வளவு நேரம்தான் நிற்பது?

“உள்ள என்னா, ஐஸ்கிரீமா?” என்றான்.

“பூ.”

“பூவுக்கா இவ்ளோ பெரிய பெட்டி?”

கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிப்போயிருந்தது. மல்லிகை விடியற்காலையில் விமானத்தில் வந்து இறங்குகிறது. மதிய வெயிலில் வாடிவிடுகிறது. சாதாரண ஃபிரிட்ஜில் வைத்தால் கருகிப்போகிறது. அதற்காகத்தான், குளிரும் ஈரமும் அளவாக இருக்கும் இந்தப் பெட்டியை அவளே வடிவமைத்தாள். தோழி ஷிரீனோடு சேர்ந்து இதையே ஒரு கம்பெனியாகத் தொடங்கப்போகிறாள்.

“எந்த ஊர்ல தொடங்கறதுன்னுதான் மண்டை காயுது. ஷிரீன் சிங்கப்பூர்ல இருக்கா. புதுக் கம்பெனிகளுக்கு இடம் குடுத்து வளத்துவிடற திட்டம் ஒண்ணு அங்க இருக்கு. எங்களை எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு மாசத்துல பதில் சொல்லணும்.”

அவன் சிரித்தான்.

“என்னா சிரிப்பு?”

“என் வேலையே அதுதான். பிரிக்பீல்ட்ஸ்ல ஆபீஸ். வெளிநாட்டுக் கம்பெனி வந்தா, எந்த ஊர்ல தொடங்கினா நல்லதுன்னு அலசிச் சொல்றோம். பேரு யுகேந்திரன்.”

“ஓ… அப்ப சொல்லுங்க பாஸ், எந்த ஊரு?”

“டீ ஊத்தினவங்களுக்கு ஃப்ரீயா சொல்றதில்ல.”

“நான் ஊத்தல லா! நீங்களா ஊத்திக்கிட்டீங்க!”

கிள்ளான் வந்தபோது இருவருக்குமே ஆச்சரியம்… அதற்குள்ளா?

அன்று பெட்டியைக் கடைத்தெருவரை தூக்கி வந்தவன் அவன்தான். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் உஷாராணி அக்காவின் பூக்கடையில்தான் பெட்டியை வைத்துச் சோதித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. அதன் பிறகு சனிக்கிழமைதோறும் மாதவி பெட்டியைப் பார்க்க வந்தாள். யுகேந்திரனுக்கும் சனிக்கிழமைதோறும் அந்தத் தெருவில் ஏதோ ஒரு வேலை இருந்தது. ஒரு நாள் வடை வாங்க. ஒரு நாள் குடை வாங்க. இன்னொரு நாள் காரணமே சொல்லவில்லை.

“தம்பி, பூ வாங்கினா யாருக்காச்சும் குடுக்கணும். வெறுமனே பாத்துக்கிட்டே நின்னா எப்படி?” என்று அக்கா கேட்டாள். காது நுனிவரை சிவந்துபோனான் யுகேந்திரன். மாதவி பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள்.

பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு மாலை, தோசைக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது கேட்டேவிட்டாள்.

“இப்பவாச்சும் சொல்லுங்க. எந்த ஊரு?”

அவன் மழையையே பார்த்துக்கொண்டு நின்றான். இங்கேயே இரு என்று சொல்… ஒரு தடவை சொல்லேன்… அவள் மனசு கெஞ்சியது.

“சிங்கப்பூர்தான்” என்றான்.

“அவ்ளோதானா? ஏன், எதுக்குன்னு ஒண்ணும் இல்லையா?”

“நல்ல வாய்ப்பு. விட்டுடாதீங்க.”

சுருக்கென்றது. இத்தனை சனிக்கிழமைகளும் இவனுக்கு வடையும் குடையும்தானா?

“ரொம்ப தேங்க்ஸ், யுகேந்திரன் அண்ணே.”

அந்த ‘அண்ணே’யை வேண்டுமென்றே அழுத்திச் சொல்லிவிட்டு மழையிலேயே நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு அவன் ஏறும் ரயிலில் அவள் ஏறவில்லை.

சிங்கப்பூரைப் பார்த்து வரப் போனாள். கண்ணாடிக் கட்டடம், அன்பாகப் பேசிய அதிகாரிகள், எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் பார்த்த பூக்கடைகள் எல்லாமே ஏர்கான் கடைகள். “பூ வாடுவது அவ்வளவு பெரிய பிரச்சினையா?” என்று ஒருவர் நிஜமான சந்தேகத்தோடு கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தபோதுதான் ஃபோன் அடித்தது.

“மாதவி… பெட்டி சூடா கெடக்கும்மா! நாளைக் காலைல கல்யாணம், கட்டின மாலை பூராவும் உள்ள இருக்கு!”

எழுந்து வெளியே ஓடினாள். பின்பக்கம் கழற்றுங்கள், விசிறியைப் பாருங்கள் என்று பதறினாள். உஷாராணி அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. “இரு, வேற யாரையாச்சும் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டாள். மாதவி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் பெட்டி, அவள் பூ, யாரோ ஒரு பெண்ணின் கல்யாண மாலை… எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். இங்கிருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

சாயங்காலம் ஒரே ஒரு செய்தி வந்தது. மாலை தப்பிச்சிருச்சு.

ஊர் திரும்பியதும் நேராகக் கடைக்குத்தான் போனாள்.

“யாருக்கா வந்து சரி பண்ணது?”

“சரி எங்க பண்ணாரு? ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு நனைஞ்சுக்கிட்டே வந்தாரு உன்னோட யுகேந்திரன். பாசார்ல மீன்காரர்கிட்ட ஐஸ் வாங்கி, துண்டுல சுத்தி, மாலைகளைச் சுத்தி அடுக்கினாரு. உருக உருக மாத்திக்கிட்டே உக்காந்திருந்தாரு. கையெல்லாம் வெறச்சுப்போச்சு பாவம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு.” அக்கா உதட்டைச் சுழித்தாள். “நான் எதுக்கும்மா மறைக்கணும்?”

மாதவி பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றினாள். மாலை கட்டும் நாரின் தூசி விசிறியை அடைத்திருந்தது. இதைச் சிங்கப்பூரில் உட்கார்ந்து எந்தக் காலத்திலாவது கண்டுபிடித்திருப்பாளா? துடைக்கத் துடைக்கக் கண் கலங்கியது. நாருக்காகவா, அவன் விறைத்த விரல்களுக்காகவா… தெரியவில்லை.

அன்றைக்கே ஷிரீனைக் கூப்பிட்டுப் பேசினாள். முதலில் சண்டை. கடைசியில், “போலே லா, செய்யலாம். நான் இங்க வாங்கற ஆளுங்களைப் பிடிக்கிறேன், நீ அங்க பெட்டியச் செய்” என்றாள் ஷிரீன்.

அடுத்த வாரம், கிள்ளானை ஒட்டிய மேருவில் ஒரு பட்டறையின் வாசலுக்கு யுகேந்திரனை வரச்சொன்னாள் மாதவி. குடையோடு வந்தவன் குழம்பிப்போய் நின்றான்.

“இதுதான் எங்க கம்பெனி.”

“அப்ப சிங்கப்பூர்?”

“வரலைன்னு எழுதிட்டேன்.”

அவன் முகம் வெளிறியது. “ஐஸ் விஷயம் தெரிஞ்சுடுச்சா? அதுக்காகன்னா வேணாம், மாதவி. எனக்காக இவ்ளோ பெரிய…”

“ஹலோ! உங்களுக்காகன்னு யாரு சொன்னா? பூ கட்டறவங்க இங்க இருக்காங்க. வெயிலு இங்க இருக்கு. பெட்டி கெட்டுப்போனா நான் உடனே கடைக்கு ஓடி நிக்கணும். கிள்ளானை விட்டா எனக்கு வேற ஊரு இல்ல. இது தொழில். இதுல நீங்க இல்லவே இல்ல.”

அவன் தலையசைத்தான். ஆனால் அந்தக் கண்கள் லேசாக வாடிப்போனதை அவள் கவனித்துவிட்டாள்.

“இப்ப நீங்க சொல்லுங்க. ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமா காரணம் சொல்ற ஆளு, எனக்கு மட்டும் ஏன் ஒரே வார்த்தையில முடிச்சீங்க?”

கூரைத் தகரத்தில் மழை இறங்க ஆரம்பித்தது. அவன் குடையை மடக்கினான். விரித்தான். மறுபடி மடக்கினான்.

“கிள்ளான்னுதான் வாயில வந்துச்சு. அது உங்க கம்பெனிக்கு நல்லதுன்னு வருதா, இல்ல… உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்னு வருதா… என்னால பிரிச்சுப் பாக்க முடியல. அப்படிப்பட்டவன் யோசனை சொல்லலாமா? அதான், என்னைவிட்டுத் தூரமா இருக்கற ஊரைச் சொன்னேன்.”

எத்தனை நாள் கோபம்… அத்தனையும் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

“அதனாலதான் மொதல்ல ஊரை முடிவு பண்ணேன்” என்றாள் மெதுவாக. “கையெழுத்தும் போட்டாச்சு. இனிமே நீங்க என்னா சொன்னாலும் இந்தக் கம்பெனி நகராது. பயப்படாம சொல்லலாம்.”

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, மாதவி. நீங்க சிங்கப்பூர் போயிருந்தாலும் பிடிச்சிருக்கும். வாரா வாரம் பஸ் ஏறி வந்து நின்னிருப்பேன்.”

“என்னா? மழையில கேக்கல.”

“உங்களைப் பிடிச்சிருக்கு!” என்று கத்தினான். பக்கத்துப் பட்டறையில் கார் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

மாதவி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். “மொதல் தடவையே கேட்டுடுச்சு லா…”

“அப்ப உங்க பதில்?”

அவள் சொன்னாள். மழைச் சத்தத்தில் அவனுக்கு உண்மையாகவே கேட்கவில்லை. உரக்கச் சொல்ல அவளுக்கு மனமில்லை. கேட்கிற தூரத்துக்கு அவனே வரட்டும் என்று நின்றாள்.

வந்தான்.