ஷார்ஜாவில் மாறிய தோல் ஏடு

எப்சிபா அழுதுகொண்டே கடைக்குள் நுழைந்ததும் நெய்னா முகம்மதுக்குக் கை பரபரத்தது. அழுகை வந்தால் வழக்கு வந்துவிட்டது என்று பொருள். துபாய் அல் குசைஸில் செய்கு அலாவுதீன் கடைக்கு அத்தர் வாங்க வருபவர்களைவிட, தொலைந்ததைத் தேடி வருபவர்களே அதிகம். 1994இல் அந்தப் புகழை ஊரெல்லாம் பரப்பித் திரிந்தவன் கூடவே வேலை பார்த்த நெய்னாதான்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரப் போலீஸ்ல குடுக்கப் போறாங்க!" நர்ஸ் டூட்டியிலிருந்து நேரே ஓடி வந்திருந்தாள்.

அவள் கணவன் தேவசுந்தரம் ஷார்ஜா தொழில்பேட்டையில் படச்சட்டம் செய்யும் தச்சன். அவனுக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீல், பழம்பொருள் சேர்க்கும் அரபி, எபிரேயரின் வேதம் எழுதிய தோல் ஏட்டைச் சட்டமிடக் கொடுத்தார். திரும்பி வந்ததோ போலி. அலமாரிச் சாவி இருந்தது தேவசுந்தரத்திடம்.

"இவரோட பாஸ்போர்ட்டு கஃபீல் கையில. சாயங்காலத்துக்குள்ள ஏடு வரலன்னா கேஸாம். மோசேயோட ஆகமம் அண்ணாச்சி, அதத் தொடவே இவரு பயப்படுவாரு!"

"எங்களுக்கு மூசா நபி," என்றார் அலாவுதீன் அமைதியாக. "சின்னச் சனம்மா அந்த எபிரேயருங்க. எத்தன ராசா துரத்தினாலும் தோல்ல எழுதினத விடல. துரத்தினவன் மண்ணாப் போனான். நீங்களும் நாங்களும் இன்னும் அந்தக் கதையத்தான் சொல்லிக்கிட்டிருக்கோம். யல்லா நெய்னா, வண்டிய எடு."

எப்சிபாவையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்த ஒர்க்ஷாப்பில் கஃபீலின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வேலையாட்கள் மூவர்: தேவசுந்தரம், அரபிப் பலகை எழுதும் முகம்மது ரிபாய், தமிழும் ஆங்கிலமும் எழுதும் வாசு. வெக்கைக்கு மூவரும் பனியனோடு வேலை செய்ய, சட்டைகள் சுவரில் தொங்கின. சாவி தேவசுந்தரத்தின் சட்டைப்பையில்.

நெய்னா போலியை முகர்ந்துவிட்டு, தான் அண்ணனாகக் 'காக்கா' என்றழைக்கும் அலாவுதீனிடம் திரும்பினான். "டீத்தண்ணியில ஊறப்போட்ட தோல், காக்கா!"

அலாவுதீன் அதன் பக்கத்தில் கஃபீலிடமிருந்த அசலின் போட்டோவை வைத்தார். அசலில் வலது ஓரம் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. போலியில் நேராக இருந்தது இடது ஓரம். வலது ஓரத்தில் எழுத்துகள் பஸ் கூட்டம்போல் நெருக்கியடித்தன.

"ரிபாய்தான்! அரபி எழுதுற கைக்குத்தான் இது வரும்!" என்று குதித்தான் நெய்னா.

"அவசரப்படாத." அலாவுதீன் மூவருக்கும் தாளும் தூரிகையும் கொடுத்தார். "போட்டோவில முதல் வரியப் பாத்து எழுதுங்க."

தேவசுந்தரத்தின் எழுத்து கோழி கிளறிய குப்பையானது. மற்ற இருவருடையதும் அச்சு அசல். நெய்னாவுக்குத் தலை சுற்றியது.

"எழுத்தப் பாக்காத, எங்கேந்து தொடங்குனாங்கன்னு பாரு," என்றார் அலாவுதீன். "எபிரேயமும் அரபியும் வலப்பக்கமிருந்து போவும். தொடங்குற ஓரம் நேரா இருக்கும். இடம் பத்தாம நெருக்குறது முடியிற ஓரம். போலியில நெருக்கம் வலப்பக்கம். அப்ப, இடப்பக்கமிருந்து படம் வரையிற மாதிரி வரைஞ்சிருக்கான். ரிபாய் பழக்கதோஷத்துல வலப்பக்கமிருந்தே தொடங்கிட்டான். தேவசுந்தரம் இடப்பக்கம் தொடங்கினாலும் அது ரம்பம் புடிக்கிற கை. மிச்சம் யாரு, வாசு?"

வாசுவின் தூரிகை தாளின் வலது ஓரத்தில் நின்றுவிட்டது. "நல்ல வெலைக்கு வாங்க ஆள் இருக்குன்னாங்க, பாய்..." தலைகுனிந்தபடி, பாதி எழுதிய பலகையொன்றின் பின்னாலிருந்து ஏட்டை உருவினான்.

நெய்னாவுக்கு அங்கேயே கூத்தாட வேண்டும்போல் இருந்தது. கஃபீல் ஏட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கலாஸ், முடிஞ்சது! எல்லாரும் வேலையைப் பாருங்க," என்றார் இந்தியில். "இது என்ன பகுதி தெரியுமா? மூசா தன் சனத்தை மிஸ்ர், அதாவது எகிப்திலிருந்து விடுவித்துக் கூட்டிப்போனது!"

"தெரியும் அர்பாப். எகிப்து மன்னன் ஃபிர்அவ்ன் அவங்கள விடமாட்டேன்னு புடிச்சு வச்சிருந்தான்," என்றார் அலாவுதீன் முதலாளியிடம், குரல் உயராமல். "இவரோட பாஸ்போர்ட்?"

கஃபீல் ஏட்டைப் பார்த்தார், தேவசுந்தரத்தைப் பார்த்தார். பிறகு அங்கியின் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து எப்சிபாவின் கையில் வைத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினான் நெய்னா. அதே மூச்சில் எப்சிபா, "அல்லேலூயா!" என்றாள்.