கூப்பிடாமல் கூட்டி வந்த பிள்ளை

வாசலில் பிஞ்சுச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே சத்தமே இல்லை.

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். இந்த வாரத்தில் எந்தப் பாலர் பள்ளி வாசலில் நின்றாலும் மூக்கொழுகும் ஒப்பாரி தெருமுனை வரை கேட்க வேண்டும். இங்கே, பலாப்பழம் அழுகும் வாசனையும் புதுப் பெயின்ட் வாசனையும் கலந்த ஈரக்காற்றில், கூரைத் தகரத்திலிருந்து பனி சொட்டுச் சொட்டாக இறங்கும் ஓசை மட்டும் கேட்டது. தனபாலுக்கு அது என்னவோ போலிருந்தது. இருந்ததோடு சரி. இன்டர்நேஷனல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்து, இரண்டரை வயது மகன் இளங்கோவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறினான்.

‘மேகக்குட்டி இன்டர்நேஷனல் ப்ளே ஸ்கூல்’ மலைமேல், வாசலூர்பட்டியில் படகு இல்லத்துக்குப் போகிற ரோட்டில் இருந்தது. வேறு நாட்டோடு அதற்கிருந்த ஒரே தொடர்பு, சுவரில் வரைந்திருந்த பெங்குவின். தனபால் ஆபீசில் உதவியாளர், வீட்டில் கலெக்டர். பையன் தவழ ஆரம்பித்ததிலிருந்து பள்ளி ஆராய்ச்சிதான். வீட்டுக்கு எதிரே இருந்த அங்கன்வாடியை, சத்துமாவு வாசனை அடிக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காகத் தள்ளுபடி செய்திருந்தான்.

மனைவி கலைமணி அதே மலையில் தேவனூர் நாட்டுக்காரி. எந்தப் பள்ளிக்கும் அவள் தடை சொன்னதில்லை. காலையில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கிளம்பறப்ப வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்ட்ருங்க. அவன் வாரேன்னு சொன்னப்பறம் வண்டிய எடுங்க.”

அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான். குழந்தையோடு எங்கே போனாலும், திரும்பும்போது கூப்பிட வேண்டும். குழந்தை பதில் சொன்னால்தான் முழுசாகக் கிளம்பியதாக அர்த்தம். சந்தையில் கூப்பிடுவாள், கல்யாண மண்டபத்தில் கூப்பிடுவாள். ஒருமுறை நாமக்கல் துணிக்கடை ஏசியில் நின்று கூப்பிட்டாள். ர இன்னும் நாக்குக்கு வராத இளங்கோ “வாயேன்” என்று கடை அதிரக் கத்தினான். மலையடிவாரத்துக் காரவள்ளியில் பிறந்து வளர்ந்த தனபால், யாரோ எவரோ போல, சேலை கட்டிய பொம்மைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

“கூப்புடலைன்னா பாதிப் பையன் அங்கயே உக்காந்துக்குவானாக்கும்?” என்றான் காலையில்.

“உங்களுக்கு வாய் மட்டும் நல்லா வருது. கூப்ட்ருங்க சாமி.”

பள்ளியை நடத்தும் யமுனா மேடம் சுங்குடிச் சேலையில், சுங்குடியை விட மொடமொடப்பாக இருந்தார்.

“எங்க மெத்தட்ல கிட்ஸ் அழவே மாட்டாங்க சார். ஒரு மணி நேரம் ட்ரயல். நீங்க வராண்டாவுல வெயிட் பண்ணுங்க. போறப்ப மட்டும் பேர் சொல்லிக் கூப்டாதீங்க. டிஸ்டர்ப் ஆயிடுவாங்க. அவங்களா வருவாங்க.”

“சயின்டிஃபிக்கா சொல்றீங்களா மேடம்?”

“வெளிநாட்ல எல்லாம் இப்படித்தான்.”

“எந்த நாட்லீங்க?”

“வெளிநாட்ல சார்.”

தனபால் திருப்தியாகத் தலையாட்டினான்.

அம்மா குளிக்கப் போனாலே கதவை உதைத்துக் கதறுகிற பிள்ளை, கதவு சாத்தியதும் ஒரு மூச்சு அழுதது. அப்புறம் குழாயைத் திருகி நிறுத்தியது போல அழுகை நின்றது. தனபால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். முழங்கால் மேல் கைவைத்து, வட்டமாக, பிள்ளைகள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. சிலேட்டு நிறத்தில் வெளிச்சம். ஈரச் சுண்ணாம்பு வாசனை.

ஒரு மணி நேரம் கழித்து இளங்கோ தானாக வந்தான். தானாகச் செருப்பைப் போட்டான், இடம் வலம் மாறாமல். தனபாலுக்குப் பெருமை. கேட்டருகே கார்க்காரப் பெற்றோர் சிலர் நின்றிருந்தார்கள்; ஒருவர் கோட்டு வேறு போட்டிருந்தார். கூப்பிட வாயைத் திறந்தான். கோட்டைப் பார்த்தான். மூடிக்கொண்டான். வண்டியை எடுத்தான்.

வழியில் குரங்குகள். பையன் பார்க்கவில்லை. டேங்க் மேல் உட்கார்ந்திருந்தவனின் கனம், காலையில் இருந்ததை விடக் குறைவாகத் தோன்றியது.

வீட்டில் மதியமெல்லாம் தூங்கி, சாயங்காலம் எழுந்து, செல்போன் கேட்காமல் சாப்பிட்டான். சிந்தாமல் சாப்பிட்டான். கலைமணி பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“இளங்கோ.”

மரியாதையாக நிமிர்ந்து பார்த்தான்.

“இளங்கோ, கண்ணு.”

“எஸ் மேம்,” என்றான்.

கலைமணி கணவன் பக்கம் திரும்பினாள். “கூப்ட்டீங்களா?”

“கூப்ட்டேன்.”

“வாரேன்னு சொன்னானா?”

தனபால் காலண்டரைப் பார்த்தான். அவள் கத்தவில்லை, அழவில்லை. பால் வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னாள்.

“போய்க் கூட்டிட்டு வாங்க.”

இருவருக்கும் நடுவே பையன் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

பயம் வரும் என்று தனபால் எதிர்பார்த்தான். வரவில்லை. நெஞ்சுக்குள் ஈரத்துணியைத் திணித்தது போல ஒரு மந்தம், அவ்வளவுதான். கை தானாக வண்டியை ஓட்டியது. மிளகுக்கொடி ஏறிய மரங்களை மூடுபனி ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கே ரோடு அழிந்துவிட்டது. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடி போய்ப் பஞ்சில் குத்தியது போல நின்றது.

பள்ளி பூட்டிக் கிடந்தது. பெரிய பூட்டு. விளக்கு இல்லை. ஆள் இல்லை.

கதவருகே நின்றான். யாராவது பார்க்கிறார்களா என்று அப்போதும் திரும்பிப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். ஆபீசில் பெரியவரைக் கூப்பிடுவது போல மெதுவாகக் கூப்பிட்டான்.

“இளங்கோ.”

தகரத்தில் நீர் சொட்டியது.

“இளங்கோ. அப்பா வந்துருக்கேன் சாமி. வா, போலாம்.”

“வாயேன்.”

அவன் பிள்ளையின் குரல்தான். கதவுக்கு அந்தப் பக்கம். காலையில் போன அதே குரல்.

அதன் பக்கத்தில் இன்னொன்று. “வாயேன்.”

மூலையிலிருந்து ஒன்று. சுவரோரமாக ஒன்று. மேலே, கூரைக்கு அடியிலிருந்து ஒன்று. “வாயேன்.” “வாயேன்.” எல்லாம் ஒரே குரல். ஒரே மழலை.

சிமென்ட் தரையில் வெறுங்கால்கள். ஓடவில்லை. வரிசையாக நடந்தன. வந்தன. கதவருகே நின்றன.

மூச்சுக் காற்று கதவுப் பலகையில் பட்டது. இவன் இடுப்புக்கும் கீழே.

கதவுக்கும் தரைக்கும் நடுவே விரலளவு சந்து. அதன் வழியாக விரல்கள் வந்தன. சின்னவை. நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தது போல வெளுத்துச் சுருங்கியவை. சிலவற்றில் உதிர்ந்த நகப்பூச்சு. கதவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, இடமில்லாமல், ஒன்றின் மேல் ஒன்று.

காத்திருந்தன.

தனபால் மண்டியிட்டான். ஒன்றுதான் இவனுடையது. எது? குனிந்து பார்த்தான். மறுபடி பார்த்தான். பெற்ற பிள்ளையின் விரல். தெரியவில்லை.

உத்தேசமாக ஒன்றைத் தொட்டான்.

எல்லாம் பிடித்துக்கொண்டன.